பருப்பு அவியாத கிணறு

சண்டிலிப்பாயில் ஒரு வீட்டில் பருப்பு அவியாவிட்டால் அது வெளியே போகக்கூடாத விசயம். போனால், முதலாவது வேலி தாண்டும்போது "பாவம், கடைக்காரன் பழைய பருப்பைக் கட்டிக் கொடுத்துவிட்டான்" என்றிருக்கும். அடுத்த வேலியில் "அவளுக்கு அடுப்பில் மனமில்லை" என்றாகும். கோயிலடிக்குப் போய்ச் சேரும்போது, அந்த வீட்டில் புருசனும் பெண்சாதியும் கதைத்து மாதக்கணக்கு என்று முடிந்திருக்கும். அதனால் சுபாஜினி, ஆனி மாதம் முழுவதும் தன் வீட்டுப் பருப்புக் கல்லாய்க் கிடந்ததை ஒருவருக்கும் மூச்சுவிடவில்லை. கடையை மாற்றிப் பார்த்தாள். முதல்நாளே ஊறப்போட்டாள். அப்பச்சோடாவும் போட்டாள். பருப்பு மசியவில்லை.

"என்னப்பா இது, பருப்போ கொட்டைப்பாக்கோ?" என்று கேட்டான் அவளுடைய புருசன் சுதாகரன். மேசன் வேலைக்குப் போய் முதுகு நொந்து வந்து, புட்டோடு பிசைந்தால் பருப்பு விரலுக்குள் அகப்படாமல் உருண்டது.

"பல்லிருக்கிறவை சாப்பிடலாம்."

"பல்லிருக்கு. சம்பளத்திலை புதுப் பல்லுக் கட்டத்தான் வழியில்லை."

சிரித்துவிட்டு எழுந்து கை கழுவப் போனான். சவர்க்காரம் நுரைக்கவில்லை. அவனும் அதைச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்ற பயம் இரண்டு பேருக்கும் இருந்தது.

மறுநாள் விடிய, தோட்டத்துக்குப் போன சுபாஜினி வெங்காயத் தாளைக் குனிந்து பார்த்தாள். நுனி எல்லாம் நெருப்புக் காட்டினதுபோலக் கருகியிருந்தது. கிணற்றில் அள்ளி ஒரு வாய் குடித்தாள். தொண்டையில் ஒரு கரிப்பு நின்றது. கொஞ்சம்தான். ஆனால் நின்றது.

அது பங்குக் கிணறு. மூன்று வீட்டுக்குப் பொது, முறை வைத்து ஆளுக்கொரு நாள் இறைப்பு. அப்படியானால் மற்ற இரண்டு வீட்டிலும் பருப்பு எப்படி அவிகிறது? இப்படி ஒரு கேள்வி வந்தபிறகு சும்மா இருக்க அவள் வேறு ஊரில் பிறந்திருக்க வேண்டும். கறிவேப்பிலை கேட்கிற சாட்டில் மகாதேவி ரீச்சர் வீட்டுக்குப் பின்பக்கத்தால் போனாள். கோழிக்கூட்டுக்கு முன்னால் ஒரு குவியல் பருப்புக் கிடந்தது. கோழி கொத்திப் பார்த்துவிட்டு விட்டுப்போன பருப்பு. அங்கிருந்து மூன்றாவது பங்காளர் அருளம்பலத்தின் வீட்டு ஒழுங்கையால் திரும்பும்போது, அவருடைய மனுசி பூரணம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். பின் கரியரில் சாக்குப் போட்டு மூடிய ஏதோ ஒன்று.

"என்ன பூரணமக்கா, தவிடோ?"

"ஓம், ஓம், தவிடுதான்" என்றாள் பூரணம். தவிடு சாக்குக்குள் களுக் களுக்கென்று சத்தம் போட்டது. கடையில் வாங்கிய குடிதண்ணீர்க் கான்.

ஆக, கிணறு சவராகிறது, உப்பேறுகிறது என்று மூன்று வீட்டுக்கும் தெரிந்திருந்தது. மூன்று வீடும் மற்ற இரண்டுக்கும் ஒளித்தன. சவர்க் கிணற்றுக் காணி என்று ஒருமுறை பெயர் எடுத்துவிட்டால், அந்தக் காணியைச் சீதனத்துக்குக் கொடுத்தாலும் மாப்பிள்ளை பகுதி முகம் சுழிக்கும்.

இதெல்லாம் பிஸ்கட்டில் தொடங்கினது என்றால் வெளியூரார் நம்பமாட்டார்கள்.

கொழும்பில் ஒரு பிஸ்கட் கொம்பனி. ஐரோப்பாவுக்கு அனுப்புகிற கொம்பனி. அங்கே வாங்குகிறவர்கள், இந்த பிஸ்கட் சுடுவதற்கு எவ்வளவு புகை விட்டீர்கள் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்களாம். உலக நாடுகள் கூடிக் கூடிக் கதைத்துப் போட்ட சட்டத்தின் வால் அது. முதலாளி பிஸ்கட் சுடுகிற போறணையை நிற்பாட்ட முடியுமா? அதற்குப் பதிலாக, வேறெங்காவது புகைகிற புகையை நிற்பாட்டிவிட்டு, அதைத் தன் பேரில் எழுதலாம் என்று ஒரு வழி இருந்தது. அவர்கள் தேடிவந்த புகை, சண்டிலிப்பாய்த் தோட்டக்காரர் தண்ணீர் இறைக்கிற மண்ணெண்ணெய் மிசின்.

கரவெட்டிப் பெட்டை ஒருத்தி, மதுரா என்று பெயர், கொம்பனியின் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். கிணற்றுக்குச் சூரியத் தகடும் மோட்டரும் சும்மா தருவோம், பழைய மிசின்களை எங்கள் கண்முன்னால் உடைக்க வேண்டும், படம் எடுக்க வேண்டும் என்றாள். மண்ணெண்ணெய்க்கு விடிய விடிய வரிசையில் நின்ற வருசம் அப்போதுதான் கழிந்திருந்தது. ஒருவரும் மாட்டேன் என்று சொல்லவில்லை.

ஆனால் நல்ல மிசினை உடைக்க யாருக்கு மனம் வரும்? சுதாகரன் யாழ்ப்பாணத்தில் பழைய இரும்பு விற்கும் ஹமீத் நானாவிடம் போய், உயிரில்லாத மிசின் ஒன்று வாங்கினான். நானா அதை ஓட்டோவில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டே கேட்டார்: "தம்பி, இந்தக் கிழமை உங்கடை ஊருக்குப் போற மூண்டாவது மையத்து இது. உங்கை மிசினுக்கு மையவாடி ஏதும் கட்டுறியளோ?"

அப்போதுதான் விளங்கியது, மூன்று பங்காளரும் ஒரே கெட்டித்தனத்தைத்தான் செய்திருக்கிறார்கள் என்று. உடைப்பு நாளில் மூன்று செத்த மிசினும் கிணற்றடியில் வரிசையாய் இருந்தன. சம்மட்டி விழும்போது அருளம்பலம் துவாயால் கண்ணைத் துடைத்தார். அந்தத் துடைப்பு நன்றாக வந்திருந்தது என்று சுதாகரன் இன்றைக்கும் சொல்வான். உயிருள்ள மிசின்கள் மூன்றும் கோழிக்கூட்டிலும் விறகுக் கொட்டிலிலும் சாக்குப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தன.

பிறகு என்ன, பகலில் வெய்யில் சும்மா இறைத்தது. வெய்யில் விழுந்ததும் முறைக்காரரின் ஒளித்த மிசின் எழும்பியது. முன்னர் எண்ணெய்க் காசை நினைத்து, காணும், போதும் என்று நிற்பாட்டுகிற கை, இப்போது நிற்பாட்டவில்லை. அருளம்பலம் பக்கத்துத் தோட்டத் தறையையும் குத்தகைக்கு எடுத்துப் புகையிலை வைத்தார். ரீச்சர் வீட்டில் பூங்கன்றுகளுக்கு மேலே தண்ணீர் மழைபோலச் சுழன்றது. சுபாஜினியும் குறையவில்லை. வெங்காயம், மிளகாய், பயிற்றை என்று, அவளுடைய கல்யாணத்துக்குப் பிறகு பச்சையே காணாத மேட்டுத் துண்டையும் பச்சையாக்கினாள். தண்ணீருக்குச் சண்டை பிடித்தவர்கள் வெய்யிலுக்குச் சண்டை பிடித்தார்கள். முகில் மறைத்த நாளை முறையாக எடுக்கக்கூடாது, தனக்கு மாற்று நாள் வேண்டும் என்று அருளம்பலம் ஒருநாள் வானத்தைக் காட்டி வழக்காடினார்.

கிணறு கொஞ்சக் காலம் பொறுத்தது. கீழே கடல் இருக்கிறது, மேலே நல்ல தண்ணீர் மெல்லிய பாயாய் மிதக்கிறது. பாயைச் சுருட்டினால் கடல்தானே ஏறும். இது சின்ன வகுப்பிலேயே எல்லோருக்கும் படிப்பித்ததுதான். படிப்பித்ததே மகாதேவி ரீச்சர்தான்.

ஆடியில் சோளகக் காற்றுப் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், மதுரா கிணற்றடியில் எல்லோரையும் கூப்பிட்டாள். தகட்டுக் கம்பத்தில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. மோட்டர் ஓடுகிற ஒவ்வொரு மணித்தியாலத்தையும் அது கொழும்புக்குச் சொல்லிவிடும். ஓடுகிற மணித்தியாலம் எல்லாம் எரியாத எண்ணெய் என்று அங்கே கணக்கு. கணக்கு நன்றாய் ஏறியது, தண்ணீர் மட்டம்தான் இறங்கியது. கிணறு கெட்டால் கொம்பனிக்குப் பேர் கெடும் என்று அவளுக்கும் பயம்.

சுபாஜினி பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தாள். அருளம்பலம் ஒரு மிடறு குடித்து முகத்தை மாற்றாமல், "பிள்ளை, சீனியைக் கொஞ்சம் கூடப் போடு" என்றார்.

மதுரா கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். தண்ணீரில் எண்ணெய்ப் படலம் நிறம் நிறமாய் மினுங்கியது. நிமிர்ந்து சுபாஜினியைப் பார்த்தாள்.

"அக்கா, அந்த மிசின் எல்லாம் உடைச்சதுதானே?"

ரீச்சர் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தா. அருளம்பலம் வானத்தைப் பார்த்தார். சுதாகரன் மண்வெட்டியைப் பார்த்தான். பதில் முழுக்கச் சுபாஜினியின் தலையில் விழுந்தது. சொன்னால் தகட்டைக் கழற்றிக்கொண்டு போவார்கள், ஊர் அவளோடு ஒரு தலைமுறைக்குக் கதைக்காது.

"நீங்கள்தானே படம் எடுத்தனீங்கள், தங்கச்சி" என்றாள் களைத்துப்போய்.

"ம்" என்றாள் மதுரா. பிறகு, "தண்ணி கீழை போகுது ஐயா. மழைக்காலம் வருமட்டும் மூண்டு பேரும் பாதியாக் குறைச்சால் கிணறு தப்பும்."

"குறைக்கலாம்" என்றார் அருளம்பலம். "ஆர் முதல்?"

"இதிலை என்ன கேள்வி?" ரீச்சர் கோப்பையை வைத்தா. "நாங்கள் எல்லாம் துலா மிதிச்சு அள்ளேக்கை இந்தக் கிணத்துக்கு முதல் மிசின் கொண்டுவந்தது ஆர்? எங்கடை பங்குத் தண்ணியிலைதான் அண்ணையின்ரை மாடி எழும்பினது."

"மாடி, மகன் கனடாவாலை அனுப்பின காசிலை எழும்பினது, ரீச்சர்" என்றார் அருளம்பலம்.

"மகனைக் கனடாவுக்கு அனுப்பினது புகையிலை. புகையிலைக்குத் தண்ணி எங்கத்தையான்?"

"பழசைக் கிண்டாதேங்கோ. அப்ப உது சவராகும் எண்டு ஆருக்குத் தெரியும்? இப்ப ஆர் கூடுதலா இறைக்கினம் எண்டு பாருங்கோ. பூங்கண்டுக்கு மழை பெய்யிற வீட்டைக் கேளுங்கோ."

"பூங்கண்டு எவ்வளவு குடிக்கும்! வெக்கமில்லையே உங்களுக்கு?"

சுதாகரன் இடையில் புகுந்தான். "இரண்டு பேரும் பொறுங்கோ. நாங்கள் இப்பத்தான் தலை நிமித்தினது. மேட்டுத்துண்டு போன வருசம்தான் பச்சை கண்டது. எல்லாரும் இறைச்சு முடிஞ்சு, எங்கடை வாய்க்காலிலை தண்ணி வரேக்கைதான் உங்களுக்குக் கிணத்திலை இரக்கம் வருகுதோ?"

மதுரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள்.

"ஏன் பிள்ளை சிரிக்கிறாய்? கரவெட்டியிலை பங்குக் கிணறு இல்லையோ?" என்றார் அருளம்பலம்.

"இல்லை ஐயா, போன வருசம் கொம்பனி என்னை வெளிநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனது. உலக நாடெல்லாம் காலநிலையைப் பற்றிக் கதைக்கிற மகாநாடு. முதலாளியின்ரை பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலை திரிஞ்சனான். அங்கை கோட்டுப் போட்டவை இதையேதான் கதைச்சவை. நீ முந்தியே புகைச்சனீ எண்டு ஒரு பகுதி. பழசை விடு, இப்ப நீதான் கூடுதல் எண்டு மற்றப் பகுதி. எங்களை வளரவிடுங்கோ எண்டு இன்னொரு பகுதி."

"பேந்து?"

"பேந்து எல்லாரும் எழும்பி நிண்டு கைதட்டினவை."

"குறைச்சவையோ?"

"அடுத்த வருசம் எங்கை கூடுறது எண்டு முடிவெடுத்தவை."

அருளம்பலம் தலையாட்டினார். அவருக்கு முழங்கால் நோ. கிணற்றுக் கட்டைப் பிடித்து எழும்பினார். "அப்ப நாங்களும் வாற வெள்ளிக்கிழமை கூடுவம்."

வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. கோயிலில் அபிஷேகமாம்.

அன்று பொழுதுபடும்வரை சுபாஜினி தறையைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். அவளுக்கு இருந்தது இந்தத் தறை ஒன்றுதான். மற்ற இரண்டு பேரில் ஒருவருக்குக் கனடா உண்டு, மற்றவவுக்குப் பென்சன் உண்டு. இந்தக் கிணறு போனால் அவளுக்கு ஊரில் இருப்பதற்குக் காரணமே இல்லை.

"இஞ்சேருங்கோ, நாளைக்கு எங்கடை முறை. நான் இறைக்கேல்லை."

சுதாகரன் கயிற்றுக்கட்டிலில் முதுகை நிமிர்த்திக்கொண்டு கிடந்தான். "வெங்காயம்?"

"கருகினது கருகிப்போச்சு. இந்தத் தண்ணியை இன்னும் விட்டால் தறையும் கருகும். நான் ஒராள் விட்டாலாவது கிணத்திலை கொஞ்சம் மிஞ்சும்."

"மிஞ்சும்" என்றான் அவன். "ஆருக்கு மிஞ்சும் எண்டு பாப்பம்."

அவன் சொன்னது சரியாய்த்தான் போனது. அந்தக் கிணற்றில் ஒரு வழமை உண்டு. வெய்யில் பனையின் உச்சிக்கு, பனைவட்டுக்கு மேலே ஏறும்வரை முறைக்காரர் தண்ணீரை ஓடவிடாவிட்டால், முறை அடுத்த பங்காளருக்குப் போய்விடும். தண்ணீர் ஓடினால்தான் முறை. அடுத்த பங்காளர் அருளம்பலம். சுபாஜினி குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள். வெய்யில் பனைவட்டைத் தாண்டியது. அருளம்பலம் தோளில் துவாயோடு, முழங்காலை ஒவ்வொரு படியாய் ஊன்றி வந்து, மோட்டரைப் போட்டார். அவள் விட்ட தண்ணீர் முழுவதும் அவருடைய குத்தகைத் தறைக்குள் போய்ப் பளபளத்தது.

"பிள்ளைக்கு உடம்பு சரியில்லையாக்கும்" என்று வேலிக்கு மேலால் சத்தம் போட்டார். "தண்ணி வீணாப் போகாமல் நான் பாத்துக்கொள்ளுறன்!"

அவர் கெட்ட மனுசன் என்று சொல்லமுடியாது. சுபாஜினியின் தகப்பன் செத்தபோது பந்தலுக்குத் தென்னோலைக் கிடுகு கொடுத்தவர். ஆனால் கண்ணுக்கு முன்னால் ஓடாமல் கிடக்கிற தண்ணீரைப் பார்த்தால் அவருக்குக் கை பதறும்.

சுதாகரன் பின்னேரம் வந்து விசயத்தைக் கேட்டான். சிரிக்கவில்லை. "நீ மிச்சம் பிடிச்சுக் குடுத்த தண்ணியிலை அண்ணை இன்னும் நாலு வரி புகையிலை நடுவார்" என்றான். "இனிமேல் நாங்களும் இறைப்பமப்பா. கிணறு போறதெண்டால் எல்லாருக்குமாப் போகட்டும்."

"ஓம், இறைப்பம்" என்றாள் சுபாஜினி.

அடுத்த முறை நாளில், பொழுது புலர்ந்து தகட்டில் வெளிச்சம் பட்ட உடனேயே அவள் கிணற்றடியில் நின்றாள். வாய்க்காலுக்குள் கிடந்த குழாயின் வாயைத் தூக்கினாள். கிணற்றுக் கட்டுக்கு மேலால் உள்ளே வளைத்துவிட்டாள். மாடு கட்டுகிற கயிற்றால் கட்டோடு சேர்த்து இறுக்கினாள். மோட்டரைப் போட்டாள்.

கிணற்றிலிருந்து ஏறிய தண்ணீர் ஒரு சுற்றுச் சுற்றிக் கிணற்றுக்குள்ளேயே விழுந்தது. அந்தச் சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

வேலைக்கு வெளிக்கிட்ட சுதாகரன் சைக்கிளைப் பிடித்தபடி நின்றான். "என்னப்பா செய்யிறாய்?"

"இறைக்கிறன்."

அவன் குழாயைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அரிசிக்குப் பதிலா வேறை எதுவும் அவிச்சுச் சாப்பிட்டனியோ?"

"வேலைக்குப் போங்கோ. கேட்டால் உங்களுக்கு ஒண்டும் தெரியாது."

வெய்யில் பனைவட்டுக்கு ஏறும் நேரம் பார்த்து அருளம்பலம் வந்தார். சத்தம் கேட்டுத்தான் வந்திருக்க வேண்டும். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, குழாய் கழண்டு கிணத்துக்கை விழுந்திட்டுது."

"கழரேல்லை அண்ணை. கட்டித்தான் விட்டிருக்கிறன்."

"தண்ணி தறைக்குப் போகேல்லையே."

"ஓம் அண்ணை."

"அப்ப உது என்ன முறை?"

"தண்ணி ஓடினால் முறை எண்டு உங்கடை ஐயா காலத்து வழமை. ஓடுது, பாருங்கோ."

அருளம்பலம் துவாயை உதறித் தோளில் போட்டார். பங்குக் கிணற்று வழக்கில் அவரை வெல்ல ஆளில்லை என்று ஊரில் பேர். தண்ணீர் எங்கே ஓடவேண்டும் என்று ஒரு சொல்லு வழமையில் இருக்கிறதா என்று பழசு முழுவதையும் மனதுக்குள் கிளறிப் பார்த்தார். அப்படி ஒரு சொல்லு தேவைப்படும் என்று அவருடைய தகப்பனுக்கும் தோன்றியிருக்கவில்லை.

"விசர் உனக்கு" என்றார் கடைசியில்.

"ஓம் அண்ணை. பின்னேரம் வரைக்கும் இருக்கும்."

அன்று மத்தியானத்துக்குள் ஊர் முடிவெடுத்துவிட்டது. சிலருக்கு அது சுத்தப் பைத்தியம். சிலர், யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார்கள். பாதிப் பகலாவது குழாயைக் கழற்றாமல் இருந்தால் கொம்பனி காசு தரும், அதுதான் விசயம் என்று சொன்னவர்களும் உண்டு. சுபாஜினி மிளகாய்க்கு மட்டும் வாளியால் அள்ளி ஊற்றினாள். மற்ற நேரமெல்லாம் வேலி நிழலில் குந்தியிருந்தாள். இறைத்த நாளைவிட இறைக்காத நாளில்தான் உடம்பு அதிகம் நொந்தது. வெங்காயம் கண்ணுக்கு முன்னால் மஞ்சளாய்ச் சாய்ந்தது.

அதற்குப் பிறகு அவளுடைய முறை வந்த நாளெல்லாம் இதுதான் நடந்தது. விடியலிலிருந்து வெய்யில் சாயும்வரை மோட்டர் ஓடியது. இரவில் அவள் மிசினை எழுப்பவில்லை. பெட்டி கொழும்புக்குச் சொன்னது. கொழும்பு சந்தோசப்பட்டது.

ஆவணியில் மதுரா, படம் பிடிக்கிற ஒருவனோடு வந்து இறங்கினாள். "அக்கா, எங்கடை கிணறுகள் எல்லாத்துக்கையும் உங்கடை முறை நாளிலைதானாம் மோட்டர் ஆகக் கூடுதலா ஓடுது. முதலாளி உங்கடை படத்தைப் பெரிசாப் போடச் சொல்லியிருக்கிறார்…"

கதையின் பாதியில் அவளுக்குச் சத்தம் கேட்டது. கிணற்றடிக்கு நடந்தாள். கயிற்றைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். கம்பத்துப் பெட்டியில் சின்னப் பச்சை வெளிச்சம் சந்தோசமாய்ச் சிமிட்டியது.

சுபாஜினி எழும்பி, சேலையில் மண்ணைத் தட்டினாள். "தங்கச்சி, நான் அண்டைக்கு உங்களுக்குப் பொய் சொன்னனான்."

"தெரியும் அக்கா. எண்ணெய் மணந்தது." மதுரா கயிற்றின் முடிச்சை விரலால் தொட்டுப் பார்த்தாள். "பெட்டிக்குத் தண்ணி எங்கை போகுது எண்டு தெரியாது. மோட்டர் ஓடுதோ எண்டுதான் தெரியும்." பிறகு மெல்லச் சொன்னாள்: "இந்தக் கிணத்திலை மெய்யாவே எண்ணெய் எரியாத நாள் எண்டால் உங்கடை முறை நாள் மட்டும்தான். நான் என்னெண்டு அதைக் கள்ளம் எண்டு எழுத?"

படம் பிடிக்கிறவனைப் பார்த்து, "தம்பி, இஞ்சாலைப் பக்கத்தாலை எடுங்கோ. கிணறு வேண்டாம். அக்காவும் தகடும் காணும்" என்றாள்.

சுபாஜினி வெய்யிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். படத்தில் அது சிரிப்புப்போல விழுந்தது என்று பிறகு சொன்னார்கள். போகும்போது மதுரா ஒரு பெட்டி பிஸ்கட் கொடுத்துவிட்டுப் போனாள். பெட்டியில் பச்சை இலை ஒன்று போட்டிருந்தது. சுதாகரன் பின்னேரம் ஒன்றை எடுத்துத் தேத்தண்ணியில் தோய்த்துக் கடித்தான்.

"உப்பு பிஸ்கட்டோ?"

"இல்லையப்பா. பிஸ்கட் இனிப்பு. தேத்தண்ணிதான்."

அவன் மிச்சத்தையும் தோய்த்தே தின்றான்.

அருளம்பலம் தன் முறையில் இறைத்துக்கொண்டுதான் இருந்தார். நிற்பாட்டினால் கை பதறும் என்றாரே தவிர, தன் புகையிலையின் ஓரம் ஏன் காய்கிறது என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. பூரணத்தின் சைக்கிளில் தவிடு வந்துகொண்டுதான் இருந்தது. மழைக்கு இன்னும் நாள் கிடந்தது. ஒருத்தி மூன்றில் ஒரு நாள் விட்டதால் கடல் பின்வாங்கிப் போகாது என்பது சுபாஜினிக்கும் தெரியும்.

ஒரு பின்னேரம் அவள் அடுப்படியில் நின்றபோது, பின்வேலிக் கிடுகு விலகியது. மகாதேவி ரீச்சரின் முகம் தெரிந்தது. ரீச்சர் ஒழுங்கையின் இரண்டு பக்கத்தையும் பார்த்தா. யாருமில்லை என்று கண்டபிறகும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டா.

"சுபா… உங்கடை வீட்டிலை பருப்பு அவியுதே?"

சுபாஜினி அகப்பையால் ஒரு பருப்பை எடுத்து விரலால் நசித்துப் பார்த்தாள். நடுவில் கல்லு இருந்தது. ஓரம் மசிந்தது.

"அரைவாசி, ரீச்சர்."

"எனக்கு அந்த அரைவாசியும் இல்லை" என்றா ரீச்சர். கிடுகை விட்டுவிட்டுப் போகப்போனவ, திரும்பி வந்தா. "நாளைக்கு என்ரை முறை. அந்தக் குழாய்க்கு என்ன முடிச்சுப் போட்டனீ? விடிய ஒருக்கால் வந்து காட்டிவிடு. அண்ணை எழும்ப முதல்."